ஆரஞ்சு மூட்டையின் வாடை

அறுபத்து மூன்றாம் எண் எலியைத் தராசுக் கிண்ணத்தில் விட்டதும் அது ஓடப் பார்க்கவில்லை. எடை போடும் நாளில் எல்லா எலிகளும் கிண்ணத்தின் விளிம்பில் முன்கால் வைத்து எட்டிப் பார்க்கும். ஒன்றிரண்டு குதித்துச் சட்டைக் கைக்குள்ளேயே புகுந்துவிடும். இது முதுகைக் கூனிக்கொண்டு, ரோமம் சிலிர்த்தபடி, போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. எலிக்காரர் தராசின் எண்ணைப் பார்க்கவில்லை, அதன் விலாவைப் பார்த்தார். மூச்சு நெஞ்சில் ஓடவில்லை. வயிறு ஒட்டி ஒட்டி மீண்டது. இருபது கிராமும் கொஞ்சமும். போன வாரத்தைவிட ஒன்றரை கிராம் குறைவு. பதிவேட்டில் எழுதிவிட்டு அதைக் கூண்டில் விட்டார். கூண்டு அட்டையில் ஒட்டியிருந்த ஆரஞ்சுப் புள்ளியைப் பார்த்தபடி சிறிது நேரம் சும்மா நின்றார். இன்னும் இரண்டு மூன்று நாள், அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடத்தின் அடித்தளத்தில் எலிகளோடு இருப்பவருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல் மாடிகளில் எல்லோருக்கும் அவர் எலிக்காரர்தான். கோபம் வந்தால் மனைவிக்கும் அதேதான்.

மூன்றாம் மாடி ஆராய்ச்சிக்காரப் பெண்ணின் எலிகள் மொத்தம் எண்பது. எல்லாவற்றுக்கும் நுரையீரலில் கட்டி வரும்படி செய்திருந்தார்கள். நாற்பதுக்குப் பச்சைச் சீட்டு ஒட்டிய மூட்டையிலிருந்து தீனி, நாற்பதுக்கு ஆரஞ்சுச் சீட்டு மூட்டையிலிருந்து. ஒன்றில் மருந்து கலந்திருக்கிறது, மற்றது வெறும் தீனி. எது எது என்று தீனி தயாரிக்கும் இடத்துக்குத் தெரியும். அலுவலக அலமாரியில் ஒட்டிவைத்திருக்கும் ஓர் உறைக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கே தெரியாது. “தெரிஞ்சா நம்மளை அறியாமலே கை ஒரு பக்கமா சாயும் அண்ணா” என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். தெரியாமல் வேலை செய்வதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. ஆனால் மனது என்று ஒன்று இருக்கிறதே, அது யார் சொன்னாலும் கேட்குமா? சாவுப் பதிவேட்டை எழுதுகிறவரும் அவர்தான். பச்சையில் பதினொன்று போயிருந்தது, ஆரஞ்சில் பத்தொன்பது. ஆகவே மருந்து பச்சைக்குள்தான் இருக்கிறது என்று எப்போதோ அவர் உள்ளுக்குள் முடிவு கட்டிவிட்டிருந்தார். பாவம் ஆரஞ்சு, வெறும் தீனியைத் தின்று சாகிறது. அந்தப் பெண்ணின் மருந்து வேலை செய்கிறது, நல்ல பிள்ளை, பட்டம் வாங்கட்டும்.

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது மனைவி சாப்பாட்டு மேசையில் மூன்று புட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதினேழு வருடத்தில் ஆயிரத்துக்கும் மேல் பேரைச் சாலைக்கு அனுப்பியிருக்கிறாள். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அதை அவள் மிதிக்கும் வேகத்தைப் பார்த்து மாணவிகள் அவளுக்கு ‘பிரேக் அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்து, அவளுக்கும் பிடித்துப்போயிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் இடது மார்பில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது கதிர்வீச்சு, மொத்தம் இருபத்தைந்து தடவையில் ஒன்பது முடிந்திருந்தது. இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. காரைத் தொட்டே நாளாயிற்று.

“இந்த மூடியைக் கொஞ்சம் தொறந்து குடுங்க. கையில வலுவே இல்ல. காலையில பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட குடுத்தேன், அவ திருப்பி மூடின மூடு அப்படி.”

புட்டிகள் அவளுடைய தம்பி அனுப்பியவை. அவன் கப்பலில் வேலை செய்கிறான். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அக்காவுக்கு ஏதாவது வாங்கி அனுப்பாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. போன வாரம் பார்சல் வந்தபோது என்னவோ வைட்டமின் என்று மட்டும் இவர் காதில் விழுந்திருந்தது.

“என்ன மாத்திரை இது?”

“ஆன்டி-ஆக்ஸிடன்ட். உடம்புக்குள்ள செல்லெல்லாம் துருப்பிடிக்குதாம், அதைத் தடுக்கிறது. தம்பி கப்பல் டாக்டர்கிட்ட கேட்டுத்தான் வாங்கியிருக்கான்.”

“நம்ம டாக்டர்கிட்ட கேட்டியா?”

“வைட்டமினுக்கு எதுக்குங்க டாக்டரு? நாளைக்குப் பழம் திங்கிறதுக்கும் சீட்டு எழுதி வாங்கணும்பீங்க போல.”

அவர் சிரித்தபடியே மூடியைத் திருகினார். மூன்றாவது புட்டி அது. திறந்ததும் உள்ளிருந்து ஒரு வாடை எழுந்தது. தீக்குச்சியைக் கிழித்து உடனே ஊதி அணைத்தது போல, அதனடியில் எங்கோ கெட்டுப்போன முட்டை ஒன்று உடைந்தது போல. அவர் சிரிப்பு நின்றது. தீனி நிரப்பும் நாட்களில் எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு வீடுவரை கூடவே வரும் வாடை. ‘இன்னைக்கு எலி ஏதும் அழுகிப்போச்சா’ என்று இவளே மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டிருக்கிறாள். மூட்டை மாவு பழசு போல என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். ஆரஞ்சு மூட்டை மாவு.

“என்ன, நாறுதா? நல்ல மருந்துன்னா நாறத்தான் செய்யும்” என்று அவள் இரண்டு மாத்திரைகளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அந்தப் புட்டி அவருடைய சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது. எப்படி எடுத்தார், எப்போது எடுத்தார் என்று யோசிக்கவே அவர் தன்னை விடவில்லை. தீனி அறையின் கதவைச் சாத்திவிட்டு, முகக்கவசத்தைக் கழற்றி, பச்சை மூட்டையின் வாயைப் பிரித்து மூக்கை நுழைத்தார். தானிய வாசனை, தவிட்டு வாசனை, அவ்வளவுதான். ஆரஞ்சு மூட்டையைப் பிரித்தார். பிறகு புட்டியை. பிறகு மறுபடி மூட்டையை. நாலாவது தடவை மூக்கு மரத்துப்போய் எதுவும் தெரியாமல் போனது. வெளியே வந்து நடைபாதையில் மூச்சு வாங்கிவிட்டு மீண்டும் உள்ளே போனார். ஒன்றுதான். சந்தேகமே இல்லை, ஒன்றேதான்.

அப்படியானால் மருந்து தின்பவை ஆரஞ்சு எலிகள்.

அப்படியானால் பத்தொன்பது.

அவர் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். நல்லது செய்யும் என்று எல்லோரும் நம்புகிற ஒன்றைத் தின்றுதான் அவை வேகமாகச் செத்துக்கொண்டிருக்கின்றனவா? அல்லது இது எலிகளின் தலையெழுத்தா, வெறும் தற்செயலா? எட்டு எலி வித்தியாசம் பெரிய வித்தியாசமா இல்லையா என்று கணக்குப் போட அவருக்குத் தெரியாது. மேலே போய்க் கேட்டால் அந்தப் பெண்ணுக்கு எது எதுவென்று தெரிந்துபோகும். பதினான்கு மாத உழைப்பு மண்ணாகும். கேட்காவிட்டால் வீட்டில் மனைவி தினமும் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. புட்டியைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். பூட்டிய பிறகுதான் அது திருட்டு என்று உறைத்தது.

அன்று வேலையே ஓடவில்லை. தண்ணீர்ப் புட்டிகளை மாற்றியவர், மாற்றியதை மறந்து மறுபடி முதல் கூண்டிலிருந்து ஆரம்பித்தார். ஆரஞ்சு வரிசையின் முன் வந்தால் கால் தானாக நின்றது. அறுபத்து மூன்றை எடுத்தபோது வழக்கம்போல வாலைப் பிடிக்காமல் இரண்டு கைகளையும் குவித்து அள்ளினார். கூண்டில் கூடுகட்ட ஒரு காகிதச் சுருள் போடுவது வழக்கம். அதற்கு இரண்டு போட்டார். போட்டுவிட்டுத் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். கை சாய்ந்துவிட்டது. அந்தப் பெண் சொன்னது போலவே, அவரை அறியாமலே.

வீட்டுக்கு வந்தால் வீடே தலைகீழாகக் கிடந்தது. அலமாரித் துணியெல்லாம் கட்டிலில், சமையலறை டப்பாக்கள் எல்லாம் தரையில். அவள் முக்காலியில் ஏறி, மேல் பலகையைத் துழாவ வலது கையை நீட்டியிருந்தாள். பிடித்துக்கொள்ள வேண்டிய இடது கை எழாமல் தொங்கியதால் உடம்பு ஒரு பக்கமாக ஆடியது.

“எறங்கு, எறங்கு! என்ன தேடுற?”

“அந்த நாத்தப் புட்டி. காலையில மேசையில வச்சேன், கால் முளைச்சா நடந்துபோச்சு? நீங்க பாத்தீங்களா?”

“பாக்கலையே.”

அந்த ஒரு வார்த்தை அவ்வளவு எளிதாக வந்தது அவருக்கே ஆச்சரியம். அவளைப் பிடித்து இறக்கினார். அவள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். சாலையில் எதிரே வரும் வண்டி திரும்புமா திரும்பாதா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அவரும் உட்கார்ந்து மடித்தார். ஒரே சேலையை மூன்று தடவை மடித்தார். மிச்சம் இரண்டு புட்டிகள் மேசையில் அப்படியேதான் இருந்தன. அவற்றையும் எடுத்து ஒளிக்கும் துணிச்சல் வரவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தார். வந்தபோது அவள் தொலைபேசியில் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தாள். “எங்கேயோ வச்சுட்டேன்டா, ஆமாடா, மறதி ஜாஸ்தியாயிடுச்சு... சரி, ரெண்டாவே அனுப்பு.” மறதி என்று அவள் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டதைக் கேட்டபோது அவர் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள், கூண்டுகளைப் பார்க்க அந்தப் பெண் கீழே வந்தாள். அவளுக்கு எலி ரோமம் ஒத்துக்கொள்ளாது. எலி அறைக்குள் வந்தாலே கண் சிவந்து மூக்கு அடைத்துக்கொள்ளும். எப்போதும் இரட்டை முகக்கவசம். அறுபத்து மூன்றாம் எண் கூண்டில் இல்லாததைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் தேதியைத் தேடினாள்.

“நேத்து” என்றார் அவர். பிறகு, “மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா உங்களுக்குக் கெடுதல். சொல்லாட்டி எனக்கு இருப்புக் கொள்ளல.”

“என்ன அண்ணா?”

“ஆரஞ்சு மூட்டை வாடை அடிக்குது. பச்சை அடிக்கல.”

அவள் புரியாமல் பார்த்தாள். புரிந்தபோது கையை நீட்டி எதையோ தேடினாள். அகப்பட்டது கவிழ்த்து வைத்த வாளி, அதில் உட்கார்ந்துவிட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். மனைவியின் கட்டி, கதிர்வீச்சு, தம்பியின் பார்சல், புட்டி, மூட்டை. இரண்டு காகிதச் சுருள் போட்டதையும் சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் முகக்கவசத்துக்குள் ஒரு மாதிரியாகச் சிரித்தாள்.

“மூக்கடைச்ச ஒருத்தி திட்டம் போட்டா இப்படித்தான் ஆகும். தீனிக்காரங்க வாடை வராதுன்னு சொன்னாங்க. நான் மோந்து பாத்து என்ன தெரியப்போகுது?” பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். “புட்டியைத் தொறந்த நாள் எது? தேதி போட்டு எழுதிக் குடுங்க. அதுக்கு முன்னாடி நீங்க எடுத்த எடையெல்லாம் நிக்கும்னு நினைக்கிறேன். இனிமே இந்த எண்பதை வேற ஆளு பாக்கணும். நுரையீரல்ல கட்டி எண்ணுறவங்க ரெண்டாம் மாடி, அவங்களுக்கு வெறும் நம்பர்தான் போகும். அது தப்பிக்கும்... என் கைடு சாரு என்ன சொல்வாரோ. மொதல்ல இருந்து பண்ணுன்னாலும் சொல்லுவாரு.”

“என்னை மன்னிச்சுடுங்க மேடம்.”

“நீங்க மறைச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது அண்ணா.” அவள் குரல் கரகரத்தது, மூக்கடைப்பா வேறு எதுவுமா என்று தெரியவில்லை.

அவர் கேட்க வந்ததைக் கேட்டார். அது கெடுதலா? அவள் கையுறையைக் கழற்றி, விரல்களை விரித்து மூடி, எப்படிச் சொல்வதென்று தேடினாள்.

“செல்லு மூச்சு விடும்போது உள்ள பொறி பறக்கும்னு வச்சுக்கோங்க. அடுப்புல பறக்கிற மாதிரி. அந்தப் பொறி கண்ட இடத்துல பட்டுப் பட்டு சுட்டுடும். அப்படிச் சுட்டுக்கிட்டே இருந்தா ஒரு நாள் செல்லு கெட்டுப் புத்துநோயா மாறலாம். ஆக்சிஜனேற்ற அழுத்தம்னு சொல்றது இதைத்தான். அதனால பொறியை அணைச்சா நல்லதுதானேன்னு எல்லாரும் நினைச்சோம், மாத்திரைக்காரங்களும் நினைச்சாங்க. ஆனா கட்டின்னு ஒண்ணு வந்துட்ட பிறகு கதை வேற. கட்டி வெறி பிடிச்ச மாதிரி வளருது, அதுக்குள்ள இன்னும் அதிகமாப் பொறி பறக்குது. அதுலயே அது திண்டாடுது. கதிர்வீச்சும் பெரும்பாலும் அதைத்தான் பண்ணுது, பொறியைக் கிளப்பிவிட்டுக் கட்டியைச் சுடுறது. அந்த நேரத்துல நாம தண்ணி ஊத்துனா யாருக்கு உதவி பண்றோம்? நமக்கா, கட்டிக்கா? அதுதான் என் கேள்வி. கேள்விதான் அண்ணா, பதில் இல்ல. எலிக்கு நடந்தது மனுஷங்களுக்கு நடக்கும்னு நான் சொல்லமாட்டேன். ஒன்பது எலியை வச்சு எலிக்கே சொல்லமாட்டேன்.”

“அப்ப நான் என்ன பண்றது?”

“அவங்க சாப்பிடுறது அவங்க டாக்டருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அது மொதல்ல தெரியணும். நான் அந்த டாக்டர் இல்ல.” எழுந்து கதவுவரை போனவள் நின்றாள். “அக்காவுக்கு நீங்க புட்டியை எடுத்தது தெரியுமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று சாயந்திரம் புட்டியைக் கொண்டுவந்து, மேசையில் மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தார். மனைவி அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

“மூணு நாளா எனக்குப் புத்தி கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டு இருந்தேன். மருந்து மூளைக்கும் ஏறிடுச்சோன்னு. தெரியுமா உங்களுக்கு?”

“நான் சொல்றதைக் கேளு...”

“பதினேழு வருஷமா பக்கத்து சீட்ல உக்காந்து அடுத்தவங்க வண்டிக்கு நான் பிரேக் போட்டிருக்கேன். ஆனா போடுறதுக்கு முன்னாடி வாயைத் தொறந்து சொல்லுவேன். ‘பிரேக் போடுறேன்’னு சொல்லிட்டுத்தான் போடுவேன். சொல்லாமப் போட்டா ஓட்டுறவ பதறிடுவா. அடுத்த தடவை அவளுக்கு ஓட்டவே வராது.”

அவள் குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“அறுத்தாங்க, படுத்துக்கிட்டேன். ஊசி போட்டாங்க, கையைக் காட்டினேன். தினம் போயி சட்டையைக் கழட்டிட்டு அந்த மிஷினுக்குக் கீழ, அசையாதேன்னா அசையாமக் கெடக்கேன். எல்லாத்தையும் எனக்கு யாரோ பண்றாங்க. இந்த மாத்திரை ஒண்ணுதான் நானா எடுத்து நானாப் போடுறது. அதுலயும் உங்க கை.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எலிக்காரர் பேச்சில் கெட்டிக்காரர் அல்ல. ஆனாலும் அன்று அறுபத்து மூன்றாம் எண்ணிலிருந்து தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னார். வாடை, மூட்டை, பொறி, தண்ணீர், ஒன்பது எலி வித்தியாசம். நாளையிலிருந்து அந்த வரிசைக்குத் தான் போகக்கூடாது என்பதையும் சொன்னார். அவள் இடையில் ஒரு தடவைதான் குறுக்கிட்டாள்.

“ஆக, நான் எலியா?”

“சேச்சே.”

“சும்மா கேட்டேன். மேல சொல்லுங்க.”

சொல்லி முடித்த பிறகு அவள் வெங்காயத் துண்டு ஒன்றைக் கத்தி நுனியால் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

“அறுபத்து மூணோட சேத்து ஆரஞ்சுல இருபது. பச்சையில?”

“பதினொண்ணு.”

“பச்சைங்க மாத்திரை சாப்பிடாதவைதானே?”

“ஆமா.”

“அதுலயும் பதினொண்ணு.”

மிச்சம் இருபத்தொன்பது பச்சை எலிகள் இன்னும் கிண்ண விளிம்பில் கால் வைத்து எட்டிப் பார்க்கின்றன என்று சொல்ல வாயெடுத்தார். அது அவளுக்கு ஆறுதலா என்று தெரியாமல் மூடிக்கொண்டார். அந்தப் பதினொன்றைப் பற்றி இதுவரை அவர் ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு மூட்டையில் ஒன்று நல்லதாக இருந்தே ஆக வேண்டும் என்று அல்லவா எண்ணிக்கொண்டிருந்தார்.

“வியாழக்கிழமை டாக்டரைப் பாக்கிற நாள்” என்றாள் அவள். “நானே சொல்றேன். நீங்க உள்ள வராதீங்க.”

“அதுவரைக்கும்...?”

“அதுவரைக்கும் புட்டி இங்கேயே இருக்கட்டும். தொடமாட்டேன். நீங்களும் தொடாதீங்க.” கத்தியை எடுத்தவள் மறுபடி நிறுத்தினாள். “தம்பிகிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாது. அக்காவுக்கு நல்லது பண்றோம்னு நினைச்சிட்டிருக்கான். இடிஞ்சு போயிடுவான்.”

“இன்னும் ரெண்டு புட்டி அனுப்புறானே?”

“வந்தா வரட்டும். வாங்கி வச்சுக்கறேன்.”

வியாழக்கிழமைவரை வீட்டில் மூன்று புட்டிகளும் மூன்று விருந்தாளிகள் போல மேசையில் உட்கார்ந்திருந்தன. சாப்பிடும்போது அவற்றைத் தாண்டித்தான் உப்புக்குக் கை நீட்ட வேண்டியிருந்தது. அவர் வேலையிலும் மாற்றம் வந்துவிட்டது. அந்த எண்பதையும் முதல் மாடியிலிருந்து வந்த ஒரு பெண்மணி பார்த்துக்கொண்டாள். அவரை முயல் அறைக்கு அனுப்பியிருந்தார்கள். முயல்கள் அவரை லட்சியமே செய்யவில்லை. ஆரஞ்சு வரிசையில் இன்னும் எத்தனை போயிற்று என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் சொல்லிவிடுவாள் போல அந்தப் பெண்மணி இருந்ததால், அவள் வரும் வழியைத் தவிர்த்து, சாப்பாட்டு நேரத்தையே மாற்றிக்கொண்டார். ஆராய்ச்சிக்காரப் பெண்ணை ஒரு தடவை மாடிப்படியில் பார்த்தார். “சார் இன்னும் ஒண்ணும் சொல்லல அண்ணா” என்றாள், நிற்காமல்.

மருத்துவமனையில் அன்று கூட்டம். கதிர்வீச்சு முடித்து, சட்டைப் பித்தானைச் சரிசெய்தபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தவளின் கழுத்தோரம் தோல் கறுத்துச் சுருங்கியிருந்தது. கைப்பையை மடியில் வைத்திருந்தாள். அவள் அசைந்தபோதெல்லாம் உள்ளே மாத்திரைகள் குலுங்கின. எதிரே இருந்த பெரியவர் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தார். எலிக்காரர் எழுந்தார், தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார், மீண்டும் எழுந்து, சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறையை ஒன்றிலிருந்து ஏழுவரை படித்தார்.

“உக்காருங்களேன். பாக்கிறவங்க நோயாளி நீங்கதான்னு நினைப்பாங்க.”

“அவரு கோவிச்சுக்கிட்டா?”

“கோவிச்சுக்கட்டும். நானும் ஆயிரம் பேரைக் கோவிச்சிருக்கேன்.”

“நிறுத்தச் சொன்னா நிறுத்திடுவியா?”

அவள் பதில் சொல்வதற்குள் அவள் எண் அழைக்கப்பட்டது. கைப்பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். இரண்டு அடி வைத்தவள் திரும்பி வந்து, அவர் சட்டைக் காலரில் மடங்கியிருந்த ஓரத்தை எடுத்துவிட்டாள். பிறகு போய்விட்டாள்.

அந்த அறைக்குக் கதவைத் திறந்தே வைத்துத் திரை போட்டிருந்தார்கள். திரை தரைவரை எட்டவில்லை. முழங்கால் உயரத்துக்கு இடைவெளி. வரிசையின் கடைசி நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தால் அந்த இடைவெளியில் கால்கள் தெரிந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டரின் கறுப்புச் சப்பாத்து, ஒன்றன் மேல் ஒன்று போட்டபடி. இந்தப் பக்கம் அவளுடைய கால்கள். பேச்சு கேட்கவில்லை. வெளியே ஒரு தள்ளுவண்டி சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போனது; போய் முடிந்தபோது உள்ளே கண்ணாடிப் புட்டி ஒன்று மேசையில் வைக்கப்படும் சத்தம். பிறகு ஒன்று. பிறகு ஒன்று.

அவள் வலது காலைச் செருப்பிலிருந்து வெளியே எடுத்து, கட்டைவிரலால் மற்றக் காலின் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே தேய்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. கறுப்புச் சப்பாத்துகள் பிரிந்து தரையில் ஊன்றின. டாக்டரின் நாற்காலி சக்கரத்தில் உருண்டு, மேசையைச் சுற்றி, இந்தப் பக்கம் அவளுக்கு மிக அருகில் வந்து நின்றது. தேய்த்துக்கொண்டிருந்த கால் சட்டென்று நின்றது. வெறும் பாதம், பிரேக்கை மிதிப்பது போல, குளிர்ந்த தரையில் படிந்து, விரல்கள் விரிந்து, அப்படியே இருந்தது. செருப்பு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது.